சிறு மானியத் திட்டத்துக்குச் சமத்துவத் தாக்க மதிப்பீடு எழுதுவது எப்படி

வெளிநாடுகளில் வளர்ச்சிப் பணி செய்யும் சிறு தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் கொடுக்கப் புதிதாக ஒரு திட்டம் வருகிறது, அதற்குச் சமத்துவத் தாக்க மதிப்பீடு, அதாவது திட்டம் எந்தப் பிரிவினருக்கு நன்மை செய்யும், யாரைப் பாதிக்கும் என்று முன்கூட்டியே பார்த்து எழுதும் ஆவணம், எழுதும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. பிரிட்டனில் அரசுத் துறைகளிலோ, ஸ்காட்லாந்து, வேல்ஸ் அரசுகளிலோ, அவர்கள் சார்பில் மானியத்தைக் கையாளும் அமைப்புகளிலோ வேலை செய்பவர்களுக்கு இது என்றாவது ஒருநாள் வந்தே தீரும். சொந்தப் பணத்தைக் கொடுக்கும் அறக்கட்டளைகளுக்குச் சட்டக் கட்டாயம் அந்த அளவுக்கு இல்லை, ஆனால் கீழே சொல்லும் வேலை அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

வழக்கமாக என்ன செய்கிறோம்? படிவத்தைத் திறக்கிறோம், வயது, பாலினம், இனம் என்று சட்டம் பாதுகாக்கும் ஒன்பது பண்புகளுக்கு ஒன்பது கட்டம் இருக்கிறது, "இது ஏழை மக்களுக்கான திட்டம், ஆகவே எல்லோருக்கும் நன்மையே" என்று ஒன்பதிலும் ஏறக்குறைய ஒரே வரியை எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பிவிடுகிறோம். இப்படி எழுதியதால் திட்டத்தில் ஒரு விதியோ ஒரு தேதியோ ஒரு பவுண்டோ இடம் மாறியிருக்காது. அப்படியானால் மதிப்பீடே நடக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நான் சொல்ல வரும் வழி வேறு. சிறு மானியங்களில் ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் வாசலிலேயே உருவாகிவிடுகிறது. யார் விண்ணப்பிக்கலாம், என்னென்ன ஆவணம் வேண்டும், பணம் எப்போது கைக்கு வரும், எந்த மொழியில் எழுத வேண்டும் என்ற விதிகள் இருக்கின்றனவே, அவைதான் ஆட்களைச் சத்தமில்லாமல் வெளியே நிறுத்துகின்றன. அதனால் பண்புகளின் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, திட்டத்தின் விதிகளை வரிவரியாக எடுத்து "இந்த வரியில் யார் விழுகிறார்கள்?" என்று கேட்டுக்கொண்டே போங்கள். கட்டங்களைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம், அப்போது அதில் எழுத உண்மையான விஷயம் இருக்கும்.

முதலில் சட்டம் எதுவரை வருகிறது என்று பார்த்துவிடுவோம்

2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் 149ஆவது பிரிவு பொது அமைப்புகளுக்கு ஒரு கடமையை வைக்கிறது. 2011 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. பாகுபாட்டை ஒழிப்பது, சம வாய்ப்பை வளர்ப்பது, பிரிவினரிடையே நல்லுறவை வளர்ப்பது ஆகிய மூன்றுக்கும் முடிவெடுக்கும்போது உரிய கவனம் கொடுக்க வேண்டும். வயது, மாற்றுத்திறன், பாலின மாற்றம், கருத்தரிப்பும் மகப்பேறும், இனம், மதம் அல்லது நம்பிக்கை, பாலினம், பாலீர்ப்பு ஆகிய எட்டுக்கும் இந்த மூன்றும் பொருந்தும். ஒன்பதாவதான திருமணம் மற்றும் சிவில் பார்ட்னர்ஷிப்புக்கு (திருமணத்துக்கு இணையாகச் சட்டப்படி பதிவு செய்யும் துணை உறவு) முதலாவது மட்டும்தான்.

ஸ்காட்லாந்தில் 2012 விதிமுறைகளும் வேல்ஸில் 2011 விதிமுறைகளும் தாக்கத்தை மதிப்பிட்டே ஆகவேண்டும் என்று நேரடியாகச் சொல்கின்றன. இங்கிலாந்தில் இப்படி ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை, ஆனால் உரிய கவனம் கொடுத்ததற்குச் சான்று வேண்டுமே, அதற்காகத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். வட அயர்லாந்துக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 75ஆவது பிரிவு என்று தனிப் பாதை உண்டு.

நீதிமன்றங்கள் இதை எப்படிப் பார்க்கின்றன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிரவுன் வழக்கு என்று 2008இல் வந்த ஒரு தீர்ப்பு, மாற்றுத்திறனாளிகள் தொடர்பான முந்தைய சட்டத்தின் கீழ் வந்தது, அதில் சொன்னவற்றை இன்றைக்கும் கடைப்பிடிக்கிறார்கள்: முடிவுக்கு முன்பே யோசித்திருக்க வேண்டும், திறந்த மனத்தோடு ஆழமாக யோசித்திருக்க வேண்டும், அந்தக் கடமையை இன்னொருவர் தலையில் கட்டிவிட முடியாது, முடிவெடுத்த பிறகும் அது தொடரும். மூன்றாவதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மானியத்தை நிர்வகிக்க வெளி அமைப்பை அமர்த்தியிருந்தால், அவர்கள் வரைவு எழுதித் தரலாம், ஆனால் முடிவெடுக்கும் அமைச்சரோ அதிகாரியோ அதைப் படித்துத் தன் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கச் சுருக்கத்தை மட்டும் அவர் மேசையில் வைத்தால் மோசமான தாக்கங்கள் சுருக்கத்தில் முதலில் காணாமல் போகும். அதனால் சுருக்கத்தின் முதல் பத்தியிலேயே அவற்றை வையுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று இனிமேல்தான். 2023 ஜூனில் மரூஃப் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், 149ஆவது பிரிவின் கடமை பிரிட்டனுக்கு வெளியே வாழும் மக்களை உள்ளடக்காது என்று தீர்ப்பளித்தது. அகதிகள் மீள்குடியேற்றம் பற்றிய வழக்கு அது, ஆனாலும் வெளிநாட்டு உதவிக்கும் அதே தர்க்கம் பொருந்தும். அப்போ மலாவியிலோ ஜாம்பியாவிலோ பயன்பெறும் பெண்ணைப் பற்றி யோசிக்கவே வேண்டாமா? வேண்டும், ஆனால் வேறு அடிப்படையில். 2014ஆம் ஆண்டின் சர்வதேச வளர்ச்சி (பாலினச் சமத்துவம்) சட்டம், வளர்ச்சி உதவி கொடுக்கும் முன் பாலின ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் விதத்தில் கொடுப்பதன் விரும்பத்தக்க தன்மையைக் கருத வேண்டும் என்று பிரிட்டன் அமைச்சரைக் கேட்கிறது. அதற்கு மேல் அரசுகளின் சொந்தக் கொள்கைகளும், யாரையும் விட்டுவிடாதிருப்போம் என்று 2015இல் ஐ.நா.வில் எல்லா நாடுகளும் கொடுத்த வாக்கும் இருக்கின்றன. இது எதுவும் இல்லாவிட்டாலும், உதவி என்ற பெயரில் போகும் பணம் ஊரில் ஏற்கெனவே மேலே இருப்பவரை இன்னும் மேலே தூக்கிவிடக் கூடாது என்பதற்குச் சட்டப் பிரிவு தேவையில்லை.

நடைமுறையில் இதன் விளைவு எளிது. மதிப்பீட்டை இரண்டு பகுதியாகப் பிரித்து எழுதுங்கள். ஒன்று, பிரிட்டனுக்குள்: எந்த அமைப்புகளுக்கு இந்தப் பணம் எட்டுகிறது, அவற்றை யார் நடத்துகிறார்கள். இரண்டு, வெளிநாட்டில்: அந்த வேலை யாருக்குப் போய்ச் சேருகிறது, யாரைத் தாண்டிப் போகிறது. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால் "ஆப்பிரிக்கப் பெண்களுக்கு உதவுகிறோம், ஆகவே இனச் சமத்துவமும் ஆயிற்று" என்ற மாதிரி வாக்கியங்கள் வந்து விழும், லண்டனில் ஐந்து தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் சோமாலியர் அமைப்பு ஏன் விண்ணப்பிக்கவே இல்லை என்ற கேள்வி அதில் புதைந்துபோகும்.

எப்போது உட்காருவது

விண்ணப்பக் குறிப்பு இன்னும் வரைவாக இருக்கும்போது. தகுதி வரம்பு, தொகை, கடைசித் தேதி, பணம் கொடுக்கும் முறை, இவையெல்லாம் யாராவது அழித்து எழுதக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். அறிவிப்பு வெளியாகி, இணையதளம் தயாராகி, அமைச்சர் பேச்சுக்குத் தேதி குறித்த பிறகு எழுதினால் நீங்கள் எது கண்டுபிடித்தாலும் "அடுத்த சுற்றில் பார்ப்போம்" என்ற பதில்தான் வரும்.

விதிகளை வரிவரியாகப் பிரிப்பது

வருமான வரம்பிலிருந்து தொடங்குங்கள். 2017இல் பிரிட்டன் அரசு சிறு தொண்டு நிறுவனங்களுக்கென்று ஒரு சவால் நிதியைத் தொடங்கியபோது, ஆண்டு வருமானம் 250,000 பவுண்டுக்குள் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம், 50,000 பவுண்டு வரை பெறலாம் என்று வைத்தது. அதற்கு முந்தைய பெரிய நிதிகளோடு ஒப்பிட்டால் நல்ல மாற்றம்தான். ஆனால் 240,000 வருமானத்தில், நிதி திரட்டுவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஒருவரை வைத்திருக்கும் அமைப்பும், 15,000 வருமானத்தில் மாலை நேரங்களில் மட்டும் வேலை நடக்கும் அமைப்பும் ஒரே வரிசையில் நிற்பார்கள். மதிப்பெண் யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. புலம்பெயர்ந்தோர் சேர்ந்து நடத்தும் அமைப்புகள் பலவும் இந்த இரண்டாவது வகையில் இருக்கின்றன, ஆகவே வருமானத்தைப் பற்றிய ஒரு விதி இனத்தைப் பற்றிய தாக்கமாக மாறுகிறது. தீர்வு கஷ்டமானதல்ல: வரம்புக்குள்ளேயே இரண்டு அடுக்கு வைத்து, சிறிய அடுக்குக்குத் தனித் தொகையும் சுருக்கமான படிவமும் கொடுப்பது.

அடுத்து கணக்கு. இதை உதாரணமாகவே எடுத்து மெதுவாகப் பார்ப்போம், மற்ற விதிகளுக்கும் இதே முறைதான். குறிப்பில் "கடந்த இரண்டு ஆண்டுகளின் சுயாதீனமாகப் பரிசோதிக்கப்பட்ட கணக்குகளை இணைக்கவும்" என்று ஒரு வரி இருக்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, பொதுப் பணமாயிற்றே. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு குறிப்பிட்ட வருமானத்துக்கு மேல்தான் அந்தப் பரிசோதனை கட்டாயம். நெடுங்காலமாக 25,000 பவுண்டாக இருந்த அந்த வரம்பை 40,000 ஆக உயர்த்த அரசு முடிவெடுத்திருக்கிறது, எழுதும் அன்றைக்கு எது நடப்பில் இருக்கிறது என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் வருமானம் எவ்வளவு குறைவானாலும் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் வெளி ஆள் ஒருவரிடம் கணக்கைக் காட்டியாக வேண்டும். ஆக, சட்டத்தைச் சரியாகக் கடைப்பிடிக்கும் ஒரு சின்ன அமைப்பு, பர்மிங்காமில் இருப்பதால் மட்டும், உங்கள் வரியில் தகுதி இழக்கிறது, கிளாஸ்கோவில் இருக்கும் அதே அளவு அமைப்பு உள்ளே வந்துவிடுகிறது. அந்த ஒரு வரியை "உங்கள் அமைப்புக்குச் சட்டம் கேட்கும் வடிவில் உள்ள கணக்கு" என்று மாற்றி, தேர்வான பிறகு பரிசோதனைச் செலவை மானியத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வாக்கியம் போட்டால் விஷயம் முடிந்தது. மதிப்பீட்டில் இப்படி எழுதுங்கள்: விதி என்ன, யார் விழுகிறார்கள், எப்படித் தெரியும், என்ன மாற்றினோம், யார் ஒப்புக்கொண்டார், எந்தத் தேதியில். ஒன்பது கட்டத்தைவிட இந்த அட்டவணைதான் ஆவணத்தின் உயிர்.

பணம் எப்போது வரும் என்பது அடுத்தது. செலவு செய்துவிட்டுப் பிறகு ரசீது கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம் என்ற விதி, கையில் சேமிப்பு இல்லாத அமைப்பை உடனே வெளியேற்றும், அல்லது ஒரு அறங்காவலரின் சொந்தப் பணத்தில் திட்டத்தை ஓட்ட வைக்கும், அது இரண்டாவது ஆபத்து. இணை நிதி, அதாவது அமைப்பும் தன் பங்குக்குப் பணம் போட வேண்டும் என்று கேட்பதும் அப்படித்தான். காலாண்டுக்கு முன்பணம் கொடுங்கள்.

நிதியாண்டு முடிவதற்குள், அதாவது மார்ச் 31க்குள் செலவழித்தாக வேண்டும் என்ற விதியில் மதம் ஒளிந்திருக்கிறது என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். சிரியா, சோமாலியா போன்ற இடங்களுக்குப் பணம் அனுப்பும் அமைப்புகளுக்கும், குறிப்பாக முஸ்லிம் தொண்டு நிறுவனங்களுக்கும், வங்கிகள் பரிமாற்றத்தை நிறுத்திவைப்பதும் கணக்கையே மூடுவதும் நன்கு பதிவான பிரச்சினை. வேலை சரியாக நடந்தாலும் பணம் வழியில் வாரக்கணக்கில் நிற்கிறது, உங்கள் தேதி கடந்துவிடுகிறது, அடுத்த முறை "முந்தைய மானியத்தைச் சரியாகச் செலவழிக்கவில்லை" என்று மதிப்பெண் குறைகிறது. வங்கித் தாமதத்துக்கு என்று வெளிப்படையாக ஒரு நீட்டிப்பு விதி வையுங்கள், ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கெஞ்ச வேண்டிய நிலை வேண்டாம்.

விண்ணப்பக் காலத்தையும் படிவத்தையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு வாரம் போதாது. தன்னார்வலர்கள் நடத்தும் அமைப்புக்கு எட்டு வாரமாவது கொடுங்கள், ஆகஸ்டிலோ ரமலான் கடைசி வாரத்திலோ முடியும்படி வைக்காதீர்கள். இணையப் படிவத்தைத் திரைவாசிப்பான் வைத்து உண்மையில் பயன்படுத்தும் ஒருவரிடம் கொடுத்துச் சோதியுங்கள். முதலில் இரண்டு பக்கத்தில் யோசனையைக் கேட்டு, தேறியவர்களிடம் மட்டும் முழுப் படிவம் கேட்டால் எல்லோருக்கும் நல்லது. எழுதுவது கடினமானவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம் என்று வையுங்கள். விளக்கக் கூட்டத்தை மாலையில் நடத்தி வசனவரியோடு பதிவேற்றுங்கள்.

சரி, யார் விழுகிறார்கள் என்பது எப்படித் தெரியும்? விண்ணப்பித்தவர்களைக் கேட்டால் தெரியாது, அவர்கள் ஏற்கெனவே உள்ளே வந்தவர்கள். இணையப் படிவத்தைத் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் எந்தக் கேள்வியில் நின்றார்கள் என்பது படிவத்தை இயக்கும் மென்பொருளிலேயே இருக்கும், எடுத்துப் பாருங்கள். பாண்ட், ஸ்காட்லாந்தின் சர்வதேச வளர்ச்சிக் கூட்டணி, ஹப் கம்ரி ஆப்பிரிக்கா போன்ற கூட்டமைப்புகள் வழியாக விண்ணப்பிக்காதவர்களைத் தேடுங்கள், புலம்பெயர்ந்தோர் அமைப்புகளிடம் தனியாகப் பேசுங்கள். அவர்கள் ஒரு மணி நேரம் பேசினால் அதற்குப் பணம் கொடுங்கள். உங்களுக்குச் சம்பளம் கிடைக்கும் வேலைக்கு அவர்கள் இலவசமாக அறிவு தர வேண்டும் என்பது எந்த விதத்திலும் நியாயமில்லை.

வெளிநாட்டுப் பகுதி: தகவல் எங்கே தேடுவது, எங்கே தேடக் கூடாது

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும், டி.எச்.எஸ். எனப்படும் மக்கள்தொகை சுகாதார ஆய்வுகளும் நல்ல தொடக்கம். ஆனால் டி.எச்.எஸ். ஆய்வில் பெண்களிடம் எடுக்கும் பேட்டி பொதுவாக 15 முதல் 49 வயது வரைதான். குடும்ப வன்முறை பற்றிய எண்ணை அதிலிருந்து எடுத்து எழுதினால் ஐம்பது தாண்டிய பெண்கள் அதில் இல்லவே இல்லை. வயது என்ற கட்டத்தில் "இளைஞர்களுக்கு நன்மை" என்று மட்டும் எழுதுகிறோமே, அதன் மூலக் காரணம் பாதி இதுதான். முதியவர்களைப் பற்றிய தகவல் இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள்.

மாற்றுத்திறனைக் கணக்கிட, ஐ.நா.வின் கீழ் இயங்கும் புள்ளியியல் வல்லுநர் குழுவான வாஷிங்டன் குழுவின் குறுங்கேள்விகள் ஆறு இருக்கின்றன. பார்ப்பது, கேட்பது, நடப்பது அல்லது படியேறுவது, நினைவில் வைப்பது அல்லது கவனம் செலுத்துவது, குளிப்பது உடுத்துவது போன்ற சுயபராமரிப்பு, பிறரோடு பேசிப் புரிந்துகொள்வது. ஒவ்வொன்றிலும் சிரமம் இல்லை, கொஞ்சம் சிரமம், மிகுந்த சிரமம், முடியவே முடியாது என்று நான்கு பதில்கள். ஏதாவது ஒன்றிலாவது "மிகுந்த சிரமம்" அல்லது அதற்கு மேல் சொன்னவர் கணக்கில் வருவார். "நீங்கள் மாற்றுத்திறனாளியா?" என்று கேட்கவே கூடாது, கேட்டால் வெட்கத்தாலும் பயத்தாலும் எண்ணிக்கை பாதாளத்துக்குப் போய்விடும். உலக மக்களில் ஆறில் ஒருவர், சுமார் 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க மாற்றுத்திறனோடு வாழ்கிறார்கள் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஒரு கிராமத் திட்டத்தின் அறிக்கையில் 600 பேரில் இரண்டு பேர் என்று வந்தால், சரியாகக் கேட்கவில்லை, அல்லது அவர்கள் வரவே முடியவில்லை. குழந்தைகளுக்கு யுனிசெஃபோடு சேர்ந்து உருவாக்கிய தனிக் கேள்வித்தொகுப்பு உண்டு, இந்த ஆறையும் சின்னக் குழந்தைகளிடம் பயன்படுத்த வேண்டாம்.

பாலீர்ப்பு, பாலின மாற்றம் ஆகியவற்றில் தலைகீழாக யோசிக்க வேண்டும். மலாவியிலும் ஜாம்பியாவிலும் காலனிக் காலத்துத் தண்டனைச் சட்டம் ஒரே பாலின உறவைக் குற்றமாக்கி வைத்திருக்கிறது, உகாண்டாவின் 2023 சட்டம் மரண தண்டனை வரை போகிறது. அங்கே பயனாளிகளைக் கேட்டுப் பட்டியல் எடுக்கச் சொன்னால் அந்தப் பட்டியலே ஆளைக் கொல்லும். எண்ணிக்கை வேண்டாம். அதற்குப் பதிலாக, உள்ளூர்க் கூட்டாளி அமைப்பின் நடத்தை விதியில் யாரையும் விலக்கக் கூடாது என்று இருக்கிறதா, சேவை பெறத் திருமணச் சான்றோ கணவர் பெயரோ கேட்கிறார்களா, ரகசியம் காக்கப்படுகிறதா என்று பாருங்கள்.

கருத்தரிப்பு, மகப்பேறு என்ற கட்டத்தை "பொருந்தாது" என்று விடுவது வழக்கம். பெண் குழந்தைகள் கல்விக்கு மானியம் கொடுத்தால் அது முழுக்கப் பொருந்தும். கருவுற்ற மாணவிகளைப் பள்ளியிலிருந்து விலக்கும் தடையைச் சியரா லியோன் 2020இலும் தான்சானியா 2021இலும்தான் நீக்கின. தடை போன பிறகும் தலைமையாசிரியரும் ஊரும் மாறினார்களா என்பது தனிக் கேள்வி, அதை விண்ணப்பத்திலேயே கேளுங்கள்: உங்கள் கூட்டாளிப் பள்ளியில் குழந்தை பெற்ற மாணவி திரும்பி வந்தால் என்ன நடக்கிறது?

திட்டத்தின் உள்ளே எவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பது என்பதற்கு ஒரு கைப்பம்பை எடுத்துக்கொள்வோம். மலாவியில் பரவலாக இருக்கும் அஃப்ரிடெவ் வகைப் பம்பை ஒரு கிராமத்தில் நிறுவ 20,000 பவுண்டு கேட்கிறார்கள் என்று வையுங்கள். தண்ணீர் எல்லோருக்கும்தான், ஆகவே நேர்மறை என்று எழுதிவிடலாம். கிட்டப் போய்ப் பாருங்கள். பம்பைச் சுற்றிய சிமென்ட் மேடைக்கு விளிம்புச் சுவர் இருக்கும், சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ அதைத் தாண்ட முடியாது, ஒரு சாய்தளம் வேண்டும். நிரம்பிய வாளியைத் தரையிலிருந்து தலைக்குத் தூக்குவது கர்ப்பிணிக்கும் வயதானவருக்கும் இயலாது, இடுப்பு உயரத்தில் ஒரு திட்டு கட்டினால் போதும். பம்பைப் பராமரிக்கும் ஊர்க் குழுவில் பாதிப் பேர் பெண்கள் என்று விண்ணப்பம் சொல்லும், பொருளாளர் யார், பூட்டின் சாவி யாரிடம், பழுது பார்க்கப் பயிற்சி யாருக்கு என்று கேளுங்கள். கூட்டம் எத்தனை மணிக்கு நடக்கிறது, அது சமையல் நேரமா? மாதச் சந்தா கட்ட முடியாத விதவைக்கு என்ன வழி, அதை யார் முடிவு செய்கிறார்கள், ஊர்த் தலைவரின் மனநிலையா அல்லது எழுதிவைத்த விதியா? சாய்தளமும் திட்டும் முதலிலேயே கட்டினால் செலவு சொற்பம், பிறகு உடைத்துக் கட்டினால்தான் அதிகம். ஆனால் உங்கள் வரவுசெலவுப் படிவத்தில் அதற்கு ஒரு வரி இல்லை என்றால், எந்தச் சிறு அமைப்பும் அதைக் கேட்கத் துணியாது, விலை ஏறினால் மதிப்பெண் குறையும் என்ற பயம்தான் காரணம். இப்படித்தான் பிரிட்டனில் ஓர் அட்டவணையில் விடுபட்ட வரி, கிராமத்தில் ஒருவர் தண்ணீர் எடுக்க முடியாமல் போவதில் முடிகிறது. மாற்றுத்திறனாளிகளை உள்ளடக்க மொத்தத் தொகையில் 3 முதல் 5 சதவீதம் வரை ஒதுக்கலாம் என்பது இந்தத் துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. அதைப் படிவத்திலேயே அச்சடித்து, செலவுத் திறன் மதிப்பெண்ணிலிருந்து அந்த வரியை விலக்கிவிடுங்கள்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறீர்கள்

"பாலினமும் உள்ளடக்கமும்" என்று தனிக் கேள்வி வைத்து நூற்றுக்குப் பத்து மதிப்பெண் கொடுப்பது பரவலான வழக்கம். அதில் மூன்று வாங்கியவரும் மற்றதில் நன்றாகச் செய்தால் மானியம் பெறுவார். எனவே அந்தக் கேள்விக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் ஒன்று வையுங்கள், அதற்குக் கீழே போனால் தேறாது என்று. அதோடு, நன்றாக எழுதத் தெரிந்தவருக்கு மதிப்பெண் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துறை மொழி சரளமாக வரும் விண்ணப்பத்தில் திட்டத்துக்குள் எதுவும் இல்லாமல் இருக்கலாம், "எங்கள் ஊர்ப் பெண்களிடம் கேட்டோம், இதைச் சொன்னார்கள்" என்று நாலு வரி எழுதியவரிடம் நிஜமான வேலை இருக்கலாம். வளர்ச்சி உதவிக்கு, பெரும்பாலும் பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. வைத்திருக்கும் பாலினக் குறியீடு 0, 1, 2 என்று மூன்று நிலை கொண்டது: பாலினச் சமத்துவம் நோக்கமே இல்லை என்றால் 0, நோக்கங்களில் ஒன்று என்றால் 1, முதன்மை நோக்கம் என்றால் 2. விண்ணப்பதாரர் தனக்குத் தானே 1 போட்டுக்கொண்டால், அந்த 1 வரவுசெலவில் எந்த வரியில் தெரிகிறது என்று பாருங்கள். மதிப்பிடும் குழுவில் திட்டம் நடக்கும் நாட்டைத் தெரிந்தவரும் மாற்றுத்திறனாளியும் இருக்கட்டும், சம்பளத்தோடு.

சுமையை யார் தலையில் வைக்கிறோம்

சமத்துவத்தில் அக்கறை உள்ளவர்களே இங்கே ஒரு தவறான பாதைக்குப் போய்விடுகிறோம். எல்லாப் பண்புக்கும் பிரித்த எண்ணிக்கை, காலாண்டு அறிக்கை, தனிக் கொள்கை ஆவணம் ஆறு என்று கேட்டால், அதைக் கொடுக்கக்கூடியது பெரிய அமைப்பு மட்டுமே. அப்புறம் சிறியவர்களுக்கான நிதி என்ற பெயருக்கு அர்த்தமில்லை. பாலினம், வயது, மாற்றுத்திறன் மூன்றுக்கும் மட்டும் பிரித்த எண்ணைக் கேளுங்கள், 10,000 பவுண்டுக்குள் உள்ள மானியத்துக்கு அதையும் ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். கொள்கை ஆவணங்களில், குழந்தைகளையும் எளிதில் பாதிக்கப்படுபவர்களையும் துன்புறுத்தலிலிருந்து காக்கும் பாதுகாப்புக் கொள்கையை விட்டுக்கொடுக்க முடியாது, மற்றவற்றுக்கு மாதிரி கொடுத்து உதவலாம்.

விண்ணப்பிக்கும் அமைப்புகளின் அறங்காவலர்கள் பற்றிய தகவலையும் கேட்பீர்கள். இனம், மதம், உடல்நலம், பாலீர்ப்பு எல்லாம் பிரிட்டன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உள்ள வகை. நாலு அறங்காவலர் இருக்கும் அமைப்பில் ஒருவர் தன்பாலீர்ப்பாளர் என்று எழுதினால் அது யார் என்று கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். பெயரில்லாமல், தேர்வுக் குழுவின் கண்ணில் படாமல், "சொல்ல விரும்பவில்லை" என்ற வாய்ப்போடு தனியாகச் சேகரியுங்கள், ஐந்துக்குக் குறைவான எண்களை வெளியிடாதீர்கள். நாற்பது விண்ணப்பம் வந்து பன்னிரண்டு பேர் தேறிய சுற்றில் சதவீதம் போட்டு வித்தியாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்வதில் பயனில்லை. நிராகரித்த இருபத்தெட்டையும் ஒருவர் உட்கார்ந்து படித்து, எந்த விதியில் அல்லது எந்தக் கேள்வியில் விழுந்தார்கள் என்று குறித்தால் ஒரு நாளில் தெளிவாகத் தெரிந்துவிடும்.

ஆவணத்தில் எழுதும்போது "தாக்கம் இல்லை" என்பதையும் "தெரியவில்லை" என்பதையும் தயவுசெய்து கலக்காதீர்கள். முதலாவதைச் சொல்ல ஆதாரம் வேண்டும். இரண்டாவதைச் சொன்னால் எப்போது, யார் தெரிந்துகொள்ளப் போகிறார்கள் என்று சேர்த்து எழுத வேண்டும். ஒரு மாற்றத்தை யோசித்து நிராகரித்திருந்தால் அதையும் காரணத்தோடு எழுதிவையுங்கள், பணம் போதவில்லை என்பது காரணமானால் எவ்வளவு தேவைப்பட்டது என்ற தொகையோடு.

நிதியை மூடும்போதும் இதே வேலை உண்டு

பிரிட்டன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 2021இல் 0.5 ஆகக் குறைத்தது, 2027க்குள் 0.3 ஆக்குவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. இப்படிப்பட்ட சூழலில் உங்களிடம் வரும் மதிப்பீடு புதிய திட்டத்துக்கானதாக இல்லாமல், இருப்பதை நிறுத்துவதற்கானதாக இருக்க வாய்ப்பு அதிகம். வெட்டினால் யேமனிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் பெண்களின் உடல்நலம் எப்படி அடிபடும் என்று வெளியுறவுத் துறை அதிகாரிகளே எழுதிய மதிப்பீட்டை 2023இல் நாடாளுமன்றத்தின் சர்வதேச வளர்ச்சிக் குழு வெளியிட்டது. உயிரிழப்புகள் கூடும் என்பதை அதில் மழுப்பாமல் எழுதியிருந்தார்கள். வெட்டு வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் எழுதியவருக்கு இருக்காது, ஆனால் முடிவெடுப்பவர் தெரிந்தே முடிவெடுத்தார் என்று பதிவாகும்படி எழுதும் கடமை இருக்கிறது.

சிறு மானியம் நிற்கும்போது பெரிய அமைப்பு வேறு நிதியிலிருந்து ஆறு மாதம் சமாளிக்கும், சிறியது அந்த மாதமே உள்ளூர் ஊழியருக்குச் சம்பளம் நிறுத்தும், பெரும்பாலும் முதலில் போவது பகுதிநேரமாக வேலை செய்யும் பெண்கள். ஆகவே நிறுத்தக் கடிதம் போகும் முன்பே மூன்றைக் கணக்கெடுங்கள்: நடுவில் நிறுத்தினால் உடனே ஆபத்தில் விழக்கூடியவர்கள் யார், உதாரணமாக வன்முறையிலிருந்து தப்பி வந்து தங்கியிருப்பவர்கள், தொடர் மருந்து எடுப்பவர்கள். அந்த வேலையை இன்னொருவரிடம் ஒப்படைக்க எத்தனை மாதம் வேண்டும். அதுவரைக்கும் எவ்வளவு பணம் வேண்டும். அந்தத் தொகையையும் மாதத்தையும் அமைச்சருக்குப் போகும் குறிப்பின் முதல் பத்தியில் எழுதி, கடிதம் அனுப்பும் தேதியை அதற்கு ஏற்றபடி தள்ளிவைக்கக் கேளுங்கள்.